அம்மப்பாவின்ர வெலொக்ஸ்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்று சொன்னால் ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஒஸ்ரின் ஏ-40. அதுக்குப் பிறகு கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர். கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி, கீரிமலை எல்லாத்துக்கும் ஓடினது அவைதான். முகநூலில் ஆராவது ஒரு ஏ-40 படத்தைப் போட்டால் கீழே வந்து தங்கட அப்பா ஓடின கதை, தாங்கள் பின் சீற்றில் ஒன்பது பேர் நெரிபட்டுப் போன கதை எல்லாம் சொல்லுவினம். எங்கட வீட்டுக் கொட்டிலுக்குள் நின்ற காருக்கு அப்படி ரசிகர் கூட்டம் ஒன்றும் இல்லை. அது வொக்ஸோல் வெலொக்ஸ். பெயரைச் சொன்னாலே "என்னது?" என்று திருப்பிக் கேட்பினம்.

இங்கிலாந்தில் லூட்டனில் செய்த கார். ஆனால் வொக்ஸோல் கம்பனி 1925 இலிருந்தே அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸின் கையில் இருந்ததால் 1957 இல் வந்த இந்த மொடலைப் பார்த்தால் ஆங்கிலக் கார் மாதிரித் தெரியாது. முன் கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து வரும். பின்பக்கம் மீன் செட்டை மாதிரித் தூக்கி நிற்கும். பின் கண்ணாடி ஒன்றில்லை, மூன்று துண்டு. பொனற்றைத் திறந்தால் 2262 சீசி எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்.

இந்த ஆறுதான் கதை. ஏ-40, கேம்பிறிட்ஜ், மைனர் எல்லாம் நாலு சிலிண்டர். நாலு சிலிண்டரில் கிராங் அரைச் சுற்று சுத்தினால்தான் அடுத்தது வெடிக்கும். ஆறில் 120 பாகைக்கு ஒருக்கா, அதாவது மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒருக்கா ஒன்று வெடித்துக்கொண்டே இருக்கும். முன் மூன்றும் பின் மூன்றும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஏறி இறங்குவதால் ஒன்றின் ஆட்டத்தை மற்றது ஈடு கட்டிவிடும். கிளாசில் தண்ணியை நிரப்பி எஞ்சினுக்கு மேல வைச்சாலும் சிந்தாது என்று அம்மப்பா சொல்லுவாராம். அதே ஆறுதான் அந்தக் காரை முப்பது வருசத்துக்கு மேல கொட்டிலுக்குள் வைத்ததும்.

அம்மப்பா அதை 1968 இல் கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கினார். கந்தோரில் கிளார்க். அந்தச் சம்பளத்துக்கு அது கூடின கார் என்று அம்மம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. 1977 கலவரத்துக்குப் பிறகு ஊருக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு, அம்மம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றி, அம்மா அப்ப கைக்குழந்தை, ஏ-9 வழியாக மானிப்பாய்க்கு ஓடி வந்து சேர்ந்தார். பிறகு காருக்கு அதிகம் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், நல்லூர்த் திருவிழா, ஊரில் ஆருக்கும் அவசரமென்றால் ஆஸ்பத்திரி.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, பெற்றோல் தடைசெய்த சாமான் ஆகிவிட்டது. பிறகு எல்லாம் மண்ணெண்ணெய்தான். எங்கட வயதுக்காரர் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாலும் எப்படி ஓடினது என்று ஆரும் விளங்கப்படுத்தினதில்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் எஞ்சினைச் சூடாக்கும் வரைக்கும் கொஞ்சம் பெற்றோல் வேணும். அதைச் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்து, காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராற் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நாலு சிலிண்டர்க்காரர் இப்படிச் சமாளித்தார்கள். வெலொக்ஸ் அதைவிடக் கூடக் குடிக்கும். 1990 மார்கழியில் பெரியம்மாவுக்குப் பிள்ளைப்பேறு வந்த இரவு அம்மப்பா அதை மண்ணெண்ணெயில் ஓடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து கொட்டிலுக்குள் விட்டவர், நாலு பக்கமும் கல்லு வைத்து உயர்த்திப்போட்டு, "ஆறு வாய்க்கு ஊத்த என்னட்டக் கிடையாது" என்றாராம். அண்டைக்குப் பிறந்த அண்ணாவுக்கு இப்ப கனடாவில் இரண்டு பிள்ளையள்.

1995 ஐப்பசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது கார் அங்கேயே நின்றது. அடுத்த வருசம் இவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது பற்றரி இல்லை, இரண்டு சில்லு இல்லை, ஆனால் கார் இருந்தது. ஓட்டில் இரண்டு மூன்று உடைந்து, அந்த ஓட்டைக்கு நேர் கீழே பொனற்றில் தண்ணி விழுந்த தடம். அம்மப்பா ஒரு தறப்பாளைப் போட்டு மூடினார். பிறகு அது நெல்லு மூட்டை வைக்கிற இடம், பூனை குட்டி போடுகிற இடம், நாங்கள் ஒளிச்சு விளையாடுகிற இடம். சின்ன வயதில் எனக்கு அது ஓடுகிற சாமான் என்ற எண்ணமே வந்ததில்லை.

2021 இல் அம்மப்பா செத்துப்போனார். அவருக்கு 91 வயது. அதுக்கு அடுத்த வருசம் பெற்றோல் வரிசையில் சனம் நாள்கணக்காகக் காவல் கிடந்த காலம். வாகன இலக்கத்தைக் கொடுத்துக் கியூஆர் எடுத்தால்தான் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று தந்தார்கள். அந்த நேரம் ஆறு சிலிண்டர்க் காரை வெளியில எடுக்கப்போறம் என்று சொல்லியிருந்தால் அயலுக்குள்ள அடி விழுந்திருக்கும். ஆனால் அதே நெருக்கடிதான் காருக்கு விலையையும் கொண்டுவந்தது. 2020 பங்குனியிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் நாட்டில் சில்லுப் பூட்டின எல்லாத்துக்கும் விலை ஏறி, பழைய கார் சேர்க்கிறவர்கள் வடக்குப் பக்கமும் தேடி வரத் தொடங்கினார்கள். ஒருத்தர் கொட்டிலுக்குள் ரோச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இப்படியே என்றால் இரும்பு விலைதான், எஞ்சின் ஓடினால் 15 இலட்சம்.

அம்மாவுக்கு வீட்டுக் கூரை மாற்ற வேண்டும். சிலாகை உளுத்து, மாரிக்கு மூன்று இடத்தில் சட்டி வைக்கிறோம். லண்டன் மாமா போனில் "உதை வித்துத் துலையுங்கோ, உந்தக் கறள் பிடிச்சதை வைச்சு என்ன செய்யப் போறியள்" என்றார். எனக்கும் கூரை விளங்கும், ஒழுகுகிற மூன்று இடத்தில் ஒன்று என்ர மேசைக்கு மேலே. ஆனால் கணக்கு என்னவென்றால், ஓடாமல் நிற்கும் வரைக்கும்தான் அது எங்கட கார். ஓடத் தொடங்கின அண்டைக்கு அது ஆற்றையோ கார். இதைத் தெரிந்துகொண்டே அதைத் திருத்துகிற வேலைக்கு நான்தான் கூட நின்றேன். வேற ஆள் இல்லை. கலைப்பீடத்துக்காரருக்குத்தான் பகலில் நேரம் இருக்கும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

திருத்தினவர் சுன்னாகப் பக்கம் சின்னதாகக் கராச் வைத்திருக்கிற ஐயா ஒருவர். எழுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் கற்றராக் வெட்டினவர். கனடா அண்ணா யூரியூப்பில் பார்த்துவிட்டு, புதுப் பற்றரி ஒன்றைக் கொழுவித் திறப்பைத் திருகிப் பாருங்கோ என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் ஐயா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. "முப்பது வருசம் படுத்த ஆளை எழுப்பி ஓடச் சொல்லுவியே பிள்ளை?"

முதல் நாள் அவர் செய்தது மூன்றே மூன்று வேலை. வால்வு மூடியைக் கழற்றினார். ஆறு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் டீசலும் ஒயிலும் கலந்து ஒரு மருந்து ஊசியால் விட்டார். பிளக்குகளை ஒரு பலகையில் ஒன்று, இரண்டு என்று வரிசையாக வைக்கச் சொன்னார், மாறக் கூடாது. அஞ்சு பிளக் கரிபிடித்துக் கறுப்பு. நாலாவது மட்டும் மண் நிறத்தில் கறள்.

நாலாம் சிலிண்டர் மட்டும் ஏன் என்று கேட்டேன். எஞ்சின் எந்த இடத்தில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்துதான் இருக்குமாம். இந்த எஞ்சினில் நாலாவது அத்தனை மாரிக்கும் வாயைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறது. ஈரக் காற்று சைலென்சர் வழியாக வந்து நேரே அதுக்குள் இறங்கியிருக்கு. அம்மப்பா அண்டிரவு திறப்பைத் திருப்பி நிப்பாட்டினபோது கிராங் எந்தப் பாகையில் நின்றதோ அதுதான் எந்தச் சிலிண்டர் கெட்டுப்போகும் என்று தீர்மானித்தது. இன்னும் கொஞ்சம் உருண்டு நின்றிருந்தால் வேறொன்று.

அந்த வால்வு இறுகிப்போய் இருந்தது. அப்படியே எஞ்சினைச் சுத்தினால் தள்ளுகிற கம்பி வளையும், இல்லாட்டிப் பிஸ்ரன் வந்து இடிக்கும். ஐயா அதின் றொக்கரைத் தளர்த்திவிட்டு, எண்ணெய் விட்டு, மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டித் தட்டி, அஞ்சு நாள் இதே வேலை. தட்டுவார், வெத்திலை போடுவார், தட்டுவார். ஆறாம் நாள் ஸ்பிறிங் தன்பாட்டில் அதை மேலே இழுத்தது. பிறகு கிராங் புலியின் நட்டில் பெரிய ஸ்பனரைப் போட்டு, ஒரு பக்கம் அரை அங்குலம், மறுபக்கம் அரை அங்குலம். "பலம் போடாத. அதுவா வரும்." வந்தது. முழுச் சுற்றும் சுத்தினபோது பிளக் ஓட்டைகளால் பழைய டீசல் தெறித்து என்ர சட்டை போச்சு.

இதுக்கிடையில் தெருவால் போகிற ஆக்கள் எட்டிப் பார்ப்பார்கள். "பிள்ளை என்ன படிக்குது?" "வரலாறு." "அப்ப இதேன்?" ஆம்பிளைப் பெடியன் நின்றிருந்தால் இந்தக் கேள்வி வந்திராது என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒயில் மாற்றி, ஸ்ராற்றரைக் கழற்றித் துப்புரவாக்கி, இரவல் பற்றரி ஒன்றைக் கொழுவிக் கொம்பிரஷன் பார்த்தோம். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் மணிக்கூடு மாதிரி ஒரு சாமானை வைத்துச் சுத்த, முள்ளு ஏறும். நான் கொப்பியில் எழுதினேன்: 95, 95, 90, 15, 95, 90. நாலாவதுக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பவும் பார்த்தார். ஒயில் விட்டபிறகு ஏறினால் பிஸ்ரன் வளையத்தில் பிழை, ஏறாவிட்டால் வால்வில் பிழை. ஏறவில்லை. ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

ஆனால் ஐயாவை யோசிக்க வைத்தது அந்த 15 இல்லை. மற்ற அஞ்சும். "இந்த எஞ்சினுக்கு உது காணாது. தேய்மானம் எண்டால் ஒண்டு கூட, ஒண்டு குறைய இருக்கும். அஞ்சும் ஒரே மாதிரிக் குறைஞ்சிருக்கெண்டா அது தேஞ்சதில்லைப் பிள்ளை. ஆரோ குறைச்சது."

ஹெட்டைத் தூக்கினபோது தெரிந்தது. கீழே ஒரு கஸ்கெற் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று. மண்ணெண்ணெய் கூடின அமுக்கத்தைத் தாங்காது, வெடிக்க வேண்டிய நேரத்துக்கு முதலே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும். இரண்டு கஸ்கெற் போட்டால் ஹெட் கொஞ்சம் உயர்ந்து அமுக்கம் குறையும். இழுவை போகும், ஆனால் ஓடும். ஐயா இரண்டையும் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலதைப் பழைய கஸ்கெற் ஒன்றிலிருந்து எடுத்துத் தட்டி நேராக்கி, செப்புத் தகட்டின் விளிம்பை மடித்திருந்தார்கள். "கடையில சாமான் இல்லாத காலத்து வேலை. நாங்களும் இப்பிடித்தான் மடிப்பம்."

வீட்டில் எல்லாரும் சொன்ன கதை, ஆறு சிலிண்டருக்கு ஊத்த இல்லை என்று அம்மப்பா நிப்பாட்டினார் என்பது. அது சரிதான். ஆனால் நிப்பாட்டுகிறதுக்கு முதல் மனுசன் ஹெட்டைக் கழற்றி, இல்லாத கஸ்கெற்றை உண்டாக்கி, அந்தக் காரை மண்ணெண்ணெய்க்குப் பழக்கியிருக்கிறார். மகளுக்கு மாதம் நெருங்குகிறது என்று தெரிந்து செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "அப்பா கொட்டிலுக்குள்ள விளக்கு வைச்சுக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தவர். நாங்கள் பங்கருக்குள்ள" என்றா. அம்மாவுக்கு அப்ப 13 வயது. பெரியம்மாவுக்கு இதுவும் தெரியாது. அவவுக்கு அண்டிரவைப் பற்றி ஞாபகம் இருக்கிறது மண்ணெண்ணெய் மணமும், லைற் போடாமல் ஓடினதும் மட்டும்தான்.

நாங்கள் வகுப்பில் மூலாதாரம் என்று படிப்பது கல்வெட்டு, ஏடு, ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு. இந்தச் செப்புத் தகட்டை எந்த வகைக்குள் போடுவது என்று விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். ஆனால் கொண்டு வந்து காட்டச் சொன்னார்.

நாலாம் வால்வை என்ர கையால்தான் அரைத்தேன். வாயில் அரைக்கிற பசையைப் பூசி, உறிஞ்சி பூட்டின தடியை இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்து, மோர் கடைகிற மத்து மாதிரி உருட்ட வேண்டும். துடைத்துப் பார்த்தால் சுற்றிவர அறுபடாமல் ஒரே அளவில் மங்கல் சாம்பல் வளையம் தெரிய வேண்டும். எனக்கு இரண்டு பின்னேரம் எடுத்தது. பிறகு அந்த அறைக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஐயா பத்து நிமிசம் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒழுகவில்லை. ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வேலைக்குப் போனார். அவரிடம் அதுதான் பாராட்டு.

புதுக் கஸ்கெற் இங்கே எங்கும் இல்லை. இந்த இடத்தில்தான் மாமா மாறினார். அங்கே பழைய வொக்ஸோல் வைத்திருக்கிறவர்கள் தங்களுக்குள் சாமான் மாற்றிக்கொள்வார்களாம். வித்துத் துலையுங்கோ என்ற அதே மனுசன் இரண்டு சனிக்கிழமை மினைக்கெட்டு கஸ்கெற் செற், பெற்றோல் பம்மின் றப்பர், பிறேக் கப் எல்லாம் தேடி வாங்கி, நல்லூருக்கு வந்த ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். பெட்டியில் மேலே சொக்லேற், கீழே கஸ்கெற். பிறகு ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் "என்ன நிலவரம்?" அவருக்கு அந்தக் காரின் முன் சீற்றில், அம்மப்பாவின் மடியில் இருந்து ஸ்ரியறிங் பிடித்த ஞாபகம் இருக்காம். இதை முதலே சொல்லியிருக்கலாம்.

மற்றதெல்லாம் கெதியாக முடிந்தது. தாங்கியைக் கழற்றி உள்ளே சின்னக் கல்லும் சங்கிலியும் போட்டுக் குலுக்கிக் கறள் எடுத்தோம். காபரேற்றருக்குள் பழைய எண்ணெய் பிசின் மாதிரி உறைந்திருந்தது. பொயின்றை மெல்லிய அரத்தாளால் தேய்த்தோம். பிளக் வயரைக் கொழுவும்போது ஐயா ஒரு புத்தகமும் பார்க்கவில்லை. "ஒண்டு, அஞ்சு, மூண்டு, ஆறு, ரெண்டு, நாலு" என்று மந்திரம் மாதிரிச் சொல்லிச் சொல்லிக் கொழுவினார்.

ஸ்ராற் பண்ணின அண்டைக்குத் தாங்கியை நம்பாமல், ஐயா ஒரு சேலைன் போத்தலில் பெற்றோலை விட்டு பொனற்றின் கொக்கியில் கட்டித் தூக்கினார். அந்தக் காலத்தில் வந்த பழக்கம்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தும்மல். பிறகு இரண்டு சிலிண்டரோ மூன்று சிலிண்டரோ சேர்ந்து தடதடவென்று, பின்பக்கம் ஒரே வெள்ளைப் புகை. ஐயா டிஸ்ரிபியூற்றரை மயிரளவு திருப்பினார். தடதடப்பு ஒன்றுக்குள் ஒன்று போய், தையல் மெசின் மாதிரி ஒரே இழையாகிவிட்டது. கிளாஸ் தண்ணி வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நடுங்கினது, சிந்தவில்லை.

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. நான் ஏதோ சொல்லப்போறா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "உடுப்புக் காயுது, புகை பிடிக்கப் போகுது, நிப்பாட்டுங்கோ" என்றா. நிப்பாட்டவில்லை. அவவும் திரும்பிப் போகவில்லை.

விலை சொன்னவருக்கு வீடியோ அனுப்பினோம். ஒரு மணித்தியாலத்துக்குள் போன் வந்தது. வாறன், காசோட வாறன், புத்தகத்தை எடுத்து வையுங்கோ என்றார். பதிவுப் புத்தகம். அது 1995 இல் எடுத்துக்கொண்டு போன ஒரு சூட்கேசுக்குள் இருந்தது. சூட்கேஸ் கிளாலிப் பக்கம் எங்கேயோ போய்விட்டது. கார் அம்மப்பாவின் பெயரில், அம்மப்பா இல்லை. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வருமான அனுமதிப்பத்திரம் 1990 ஆம் ஆண்டுக்கு உரியது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகத்தின் பிரதி எடுக்க வேண்டும், பிறகு பெயர் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் விற்கவும் ஏலாது, தெருவில் இறக்கவும் ஏலாது. பிறேக்கும் இன்னும் இரண்டு சில்லுக்கு மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் வளவுக்குள்ளேயே இருபது நிமிசம் எஞ்சினை ஓட விடுகிறோம்.

விண்ணப்பத்தை நிரப்புகிற வேலையும் எனக்குத்தான். வாகன இலக்கம் பிரச்சினை இல்லை. நம்பர்த் தகட்டின் நடுவில் சிங்கள ஸ்ரீ எழுத்து அப்படியே இருக்கு. 1957 இல் அந்த எழுத்து வந்ததும், இங்கே அதை எதிர்த்து ஆக்கள் தார் பூசினதும், தமிழில் ஸ்ரீ எழுதினதும் இரண்டாம் வருசத்தில் எனக்குப் பாடம். கட்டுரைக்கு ஏ எடுத்தேன். அந்தத் தகட்டில் கிரிக்கெற் பந்து அடித்து விளையாடினதும் நான்தான்.

சசி இலக்கம்தான் கரைச்சல். சனிக்கிழமை ஐயா வந்து, தகட்டில் மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, கறளைச் சுரண்டினார். நான் மேலே கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன், கல்வெட்டுப் படி எடுக்கிற மாதிரி. எல்லா இலக்கமும் வந்தது, கடைசிக்கு முதல் இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று இழுபறி. ஐயா மூன்று என்கிறார். அம்மா எட்டு என்கிறா. மாமாவுக்குப் படம் அனுப்பினோம், அவர் ஐந்து என்கிறார். அடுத்த கிழமை பூதக்கண்ணாடியோட வாறன் என்று சொல்லிவிட்டு ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.